விதி பதினாலு: விட்ட கல் நிக்காது

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

(அன்பு இருக்கு. இப்போதைக்கு அது ஒரு ஓரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு.)

போன்ல பிளாக். குரூப்ல பிளாக். மெயில் போட்டா திரும்பி வருது. ஸ்கூல் படிக்கிறப்ப ஒரே ஒரு போட்டோ போட்டுட்டு நாம மறந்தேபோன அந்தப் பழைய அக்கவுண்ட்ல கூட தேடிப் பிடிச்சு என்னை பிளாக் பண்ணியிருக்க. சபாஷ்! ஆனா ஒண்ணை விட்டுட்ட. தபால்காரரை பிளாக் பண்ண முடியாது. ஸ்டாம்ப்பை எந்த மூலையில ஒட்டணும்னு வீடியோ பாத்துக் கத்துக்கிட்டு எழுதுறேன். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தா மன்னிச்சுக்க. இந்தக் கடிதத்துல நான் மன்னிப்பு கேக்குறது அது ஒண்ணுக்கு மட்டும்தான்.

அச்சுக்குப் போற உங்க போர்டு கேம் விதிப் புத்தகத்துல இருந்து எனக்கு மட்டும்னு நீ அனுப்பின பக்கத்தை நான் உங்க கம்பெனியோட ஃபேன் குரூப்ல போட்டேன். ஆமா, போட்டேன். பாத்ததும் ரத்தம் கொதிச்சுது. "கவண் எறியும் விண்கல், மூன்று முறைகள் முடிந்ததும் வரைபடத்திலிருந்து நீக்கப்படும்." நீக்கப்படுமா? யாரு வந்து நீக்குவா? விண்வெளியில குப்பை வண்டி வருதா?

கவண் என்னோடது அக்கா. எனக்கு ஒன்பது வயசு, உனக்குப் பதினாலு. கிச்சன் தரையில டைல்ஸ்தான் கட்டம், பாட்டில் மூடிதான் கப்பல், அம்மா வாங்கிட்டு வந்த உருளைக்கிழங்குதான் விண்கல். அன்னிக்கு என் கப்பலை எல்லாம் நீ காலி பண்ணிட்ட. மிச்சம் ஒரே ஒரு துணி கிளிப். குண்டு கிடையாது, கவசம் கிடையாது, ஆமை வேகம். நான் அதை ஒரு உருளைக்கிழங்குல மாட்டித் தள்ளிவிட்டேன், கவண் பிறந்தது அப்பத்தான். "இது எங்க போய் நிக்கும்?"னு நீ கேட்ட. "ஏன் நிக்கணும்?"னு நான் கேட்டேன். அப்புறம் நோட்டை எடுத்து நீயே உன் கையால எழுதின: விட்ட கல் நிக்காது. ஒரு முறைக்கு நாலு கட்டம், நேர்கோடு. கல்லுக்கு ஓனர் கிடையாது. குறுக்க யார் வந்தாலும் அடிக்கும்.

அந்த நோட்டைத் தூக்கிட்டுத்தான் நீ அந்தக் கம்பெனிக்குப் போன. போனதுல எனக்குக் கோபம் இல்ல. (இருக்கு. அது வேற கடிதம்.) அதுல இருந்ததை நீயே வெட்டுறதுலதான் கோபம்.

அதனால சவால். நீ போன அன்னிக்கு நம்ம ஆட்டம் பாதியில நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? அம்மா நாலு நாள் அதைத் தாண்டித் தாண்டி சமைச்சாங்க. கிழங்கு முளைவிட ஆரம்பிச்ச பிறகுதான் எடுத்தோம். அதுக்கு முன்னாடி நான் போட்டோ எடுத்து வச்சேன். இப்ப அப்படியே திரும்ப அடுக்கியிருக்கேன். நடு வரிசையில, கதவுப் பக்கம் ஒண்ணாங் கட்டத்துல என் தாய்க்கப்பல். அதே வரிசையில, ஃப்ரிட்ஜ் பக்கம் பன்னெண்டாங் கட்டத்துல உன் தாய்க்கப்பல். மூணாங் கட்டத்துல என் கவண், கல்லைக் கவ்விக்கிட்டு உன்னையே பாத்துக்கிட்டு இருக்கு. அன்னிக்கு என் முறை. ஒன்றரை வருஷமா என் முறைதான்.

இப்ப ஆடுறேன்: கல்லை விட்டாச்சு.

கடிதத்துக்கு ஒரு நகர்வு. நோட்டுல இருக்கிறபடி, ஒரு எழுத்து மாறாம. "ஃப்ரிட்ஜ் அடியில போனது கதவு வழியா வரும்"ங்கிற உன்னோட அந்த கோமாளி விதி உட்பட! என் கல் உன் தாய்க்கப்பலை உடைச்சா, விதி பதினாலு நோட்டுல இருக்கிறபடியே புக்ல வரணும். தில் இருந்தா பதில் போடு.

இப்படிக்கு,
பிளாக் பண்ணப்பட்ட உன் ஒரே தங்கச்சி
(குரூப்ல: உருளைராணி)

*

மார்ச் 9

குட்டி,

கடிதம் ஆபீசுக்கு வந்துச்சு. உறை மேல "விதிகளைக் கொல்பவர் கவனத்துக்கு"ன்னு எழுதியிருந்த. ரிசப்ஷன்ல இருக்கிறவங்க அதைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு "இது யாருக்கு?"ன்னு கேட்டாங்க. மொத்த ஹாலும் திரும்பி என்னைப் பாத்துச்சு.

நீ அந்தப் பக்கத்தைப் போட்ட மறுநாள் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. ஒரு கண்ணாடி ரூம். எதிர்ல நாலு பேர். மேஜையில உன் போஸ்ட்டை பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாங்க, உன் கமெண்ட் எல்லாத்தோடயும். "இந்த உருளைராணி உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" தங்கச்சின்னு சொன்னேன். தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரல. எச்சரிக்கை லெட்டர்ல கையெழுத்து வாங்கிக்கிட்டாங்க. இன்னொரு தடவை நடந்தா வேலை இல்ல.

உனக்கு ரத்தம் கொதிச்சுது. சரி. கொதிக்கிற ரத்தத்தை என் தலையில ஊத்தினியே, அதைப் பத்தி உன் மூணு பக்கத்துல ஒரு வரி இல்ல.

ஆட்டத்துக்கு நான் வர்றேன். அந்த அத்தியாயத்துல கடைசிக் கையெழுத்து என்னோடது, அதனால நீ கேட்டதைக் குடுக்க என்னால முடியும், மேனேஜர்கிட்ட சண்டை போட்டாவது. அச்சுக்குப் போறது ஏப்ரல் இருபது. ஆனா நீ தோத்தா, அதே குரூப்ல, அதே பேர்ல, நீ பண்ணினது தப்புன்னு எழுதணும். மீம் போடக் கூடாது. "ஆனா"ன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது.

என் நகர்வு: சிவப்பு மூடி ஒரு கட்டம் முன்னாடி.

அக்கா

பி.கு. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கு? அவங்க ஓட்டுற பஸ்ல அந்த இறுகிப்போன கிளட்ச்சை மாத்திக் குடுத்தாங்களா இல்லையா?

*

மார்ச் 15

அக்கா,

பதில் போட்டுட்டியே! உறையைப் பாத்ததும் கடையில இருந்தே ஒரு கத்து கத்தினேன். கையில ஒரு கஸ்டமரோட போன், ஸ்கிரீன் பாதி கழட்டி வச்சிருந்தேன். அவர் பயந்துபோயி "என்னம்மா, உடைஞ்சிடுச்சா?"ன்னாரு. "இல்ல சார், எங்கக்கா ஆட்டத்துக்கு வந்துட்டா"ன்னேன். ஓனர் தலையில அடிச்சுக்கிட்டாரு.

கண்ணாடி ரூம் விஷயம் எனக்குத் தெரியாது. ரெண்டு தடவை படிச்சேன். அதைப் பத்தி என்ன எழுதுறதுன்னு தெரியல, அதனால விதியைப் பத்தி எழுதுறேன்.

கவண் கப்பல்ல என்ன இருக்கு, சொல்லு? கவசம் இல்ல. சுட முடியாது. கல்லைக் கவ்வினா நகரக்கூட முடியாது. சும்மா ரோட்டு நடுவுல உக்காந்திருக்கிற மாடு மாதிரி. அதுக்கு இருக்கிற ஒரே மரியாதை, விட்டா நிக்காதுங்கிற பயம்தான். உன் விதிப்படி கல்லு மூணு முறைதான் உயிரோட இருக்கும். விடுறது ஒண்ணு, அப்புறம் ரெண்டு பாய்ச்சல், எட்டுக் கட்டம், செத்துது. மூணாங் கட்டத்துல விட்டா பதினொண்ணுல மறைஞ்சிடும். பன்னெண்டுல இருக்கிறவ கால் மேல கால் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. வாசப்படி வரைக்கும் வந்து செத்துப்போற கல்லை எவ எறிவா?

நான் சும்மா கத்தலக்கா. வீடியோ பாத்து புரோகிராம் எழுதக் கத்துக்கிட்டு, கம்ப்யூட்டரை அதுக்கு அதுவே ஆடவிட்டேன். ஒரு ஆயிரம் ஆட்டம். உங்க விதிப்படி கவண் வச்ச பக்கம் ஜெயிச்சது நாப்பத்தொண்ணு. நம்ம விதிப்படி நானூத்தி எழுபத்திரண்டு. பாதிக்குப் பாதி கூட இல்ல, ஆனா எறியலாம்னு கை துடிக்கும். ஒரு ஆயுதத்துக்கு அது போதும்.

என் நகர்வு: கல் ஏழாங் கட்டம். நடு வரிசை. உன்னை நோக்கி.

அம்மாவுக்கு முட்டி அப்படியேதான். கிளட்ச் மாத்தல. புது பஸ் வருதுன்னு ஒரு வருஷமா சொல்றாங்களாம். ராத்திரி சாப்பாட்டுக்கு அம்மா கல்லைத் தாண்டித்தான் அடுப்புக்கிட்ட போறாங்க. திட்டிக்கிட்டேதான் போறாங்க, ஆனா தள்ளி வைக்கல.

தங்கச்சி

*

மார்ச் 23

குட்டி,

உன் ஆயிரம் ஆட்டத்தை உக்காந்து படிச்சேன். கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆனா கம்ப்யூட்டர் அழாது. மனுஷங்க அழுவாங்க.

நோட்டுல இருந்தபடிதான் நாங்க முதல்ல ஆடவிட்டோம். ஆடிப் பாக்கன்னே ஆளுங்களை வாரம் ஒரு தடவை வரச்சொல்லுவோம். ஒருத்தர் பல் டாக்டர். ரொம்ப அமைதி. கவணை வச்சு ஒரு கல் விட்டாரு, யார் மேலயும் படல. ஆறு முறை கழிச்சு, அந்தக் கல் எங்க போய்க்கிட்டு இருக்குங்கிறதையே மறந்துட்டு, தன்னோட தாய்க்கப்பலைக் கொண்டுபோயி அதுக்குக் குறுக்க நிறுத்தினாரு. யானை தன் தலையில தானே மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. உடைஞ்சுது. அந்த மனுஷன் அட்டையை மடக்கி வச்சுட்டு, "நான் விட்ட கல்லே என்னை அடிக்குமா? இது என்ன நியாயம்?"னு கேட்டுட்டு எழுந்து போனாரு. அப்புறம் வரவே இல்ல. இந்த மாதிரி மூணு பேர்.

அன்னிக்குத்தான் மேனேஜர் சொன்னாரு: "எறிஞ்சவங்க தலையிலயே கல் விழுந்தா, யாரும் ரெண்டாவது தடவை ஆட மாட்டாங்க." எதிர்த்துப் பேச எனக்கு ஒரு உதாரணம் கூட கிடைக்கல. அப்படியும் ஆடுறவங்க இருந்தா ஒரே ஒருத்தரைக் காட்டுங்கன்னு கேட்டாரு. நான் மூணு முறைன்னு எழுதிக் குடுத்தேன். அதை உனக்கு அனுப்பினதே நீ சண்டை போடுவன்னுதான். என்கூட. குரூப்ல இருக்கிற ஆறாயிரம் பேரோட இல்ல.

நீ சொன்ன அந்த "வேற கடிதம்" வரவே இல்ல, அதனால நானே சொல்லிடுறேன். உன்னை எழுப்பாம போனது, எழுப்பினா போக மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சதாலதான். பெட்டியைத் தூக்கிக்கிட்டு கிச்சன் வழியா வந்தேன். ஆட்டம் அப்படியே கிடந்துச்சு. உன் கவண் கல்லைக் கவ்விக்கிட்டு நின்னுச்சு. அடுத்து என்ன பண்ணப்போறன்னு பாத்ததுமே புரிஞ்சுது. தாண்டிப் போனேன். முதல் பஸ். அதை ஓட்டினது அம்மா. ஊர் தாண்டுற வரைக்கும் கண்ணாடியில என்னைப் பாத்துக்கிட்டே ஓட்டினாங்க. டிக்கெட் கேட்டப்ப கண்டக்டர்கிட்ட "அது என் பொண்ணு, ஆனா டிக்கெட் குடு"ன்னாங்க.

உன்கிட்ட சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன்.

என் நகர்வு: நீல மூடி இடது பக்கம் ரெண்டு.

அக்கா

*

மார்ச் 29

அக்கா,

சொல்லல! ஒரு வார்த்தை சொல்லல! கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கேட்டேன். அம்மா காய் நறுக்கிக்கிட்டே, "ஆமா, நான்தான் ஓட்டினேன். பின்ன என்ன, டிரைவர் இல்லாமலா பஸ் போகும்?"னாங்க. ஒன்றரை வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு! நீங்க ரெண்டு பேரும் ஒரு கட்சி, நான் தனிக்கட்சி. ரொம்ப சந்தோஷம்.

அதுக்காகவே இதைக் கூடுதல் சந்தோஷத்தோட எழுதுறேன்.

என் நகர்வு: கல் பதினொண்ணாங் கட்டம்.

உன் மூக்குக்கு முன்னாடி! அடுத்த கடிதத்துல டமால்! உன் பல் டாக்டருக்கும் சொல்லி அனுப்பு, வந்து வேடிக்கை பாக்கட்டும். விதி பதினாலை அழகாத் தட்டச்சு பண்ணி வச்சுக்க.

அம்மா வந்து கல்லுக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம், "கடைசி ஸ்டாப் தாண்டினா வண்டி எங்கடி போகும்?"னு கேட்டாங்க. "அம்மா, இது பஸ் இல்ல"ன்னேன். "அதுவும் சரிதான்"னு போயிட்டாங்க. வயசாகுது அவங்களுக்கு.

வெற்றிப் புன்னகையுடன்,
உருளைராணி

*

ஏப்ரல் 5

குட்டி,

நோட்டு, பக்கம் மூணு: "தாய்க்கப்பல் ஒரு ஆட்டத்துல ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கட்டம், பக்கவாட்டுல நகரலாம்."

உன்னோடதை நீ ஆட்டம் ஆரம்பிச்ச அரை மணி நேரத்துலயே பயன்படுத்திட்ட. நடு வரிசையில இருந்தாத்தான் கெத்துன்னு நகர்த்தி வச்ச. என்னோடதை நான் இன்னும் தொடவே இல்ல.

என் நகர்வு: தாய்க்கப்பல் வலது பக்கம் ஒரு கட்டம்.

இப்ப பன்னெண்டாங் கட்டம் காலி. கல் அதைத் தாண்டி ஃப்ரிட்ஜ் அடியில போகும். ஃப்ரிட்ஜ் அடியில போனது கதவு வழியா வரும். கதவுக்கு நேரா, அதே நடு வரிசையில, ஒண்ணாங் கட்டத்துல யார் இருக்கான்னு கொஞ்சம் குனிஞ்சு பாரு.

அம்மாவுக்கு வயசாகல.

சிரிச்சு முடிச்சுட்டேன். இப்ப நிஜமாவே ஒண்ணு சொல்றேன். நான் எழுதின மூணு முறை விதி இருக்கே, அதுப்படி பாத்தா உன் கல்லுக்கு ஆயுள் முடிஞ்சுது. விட்டது ஒண்ணு, ஏழு ரெண்டு, பதினொண்ணு மூணு. இப்ப மறைஞ்சிடும். உன் தாய்க்கப்பல் தப்பிச்சுக்கும். ஆட்டம் சமன். நீ குரூப்ல எதுவும் எழுத வேண்டாம், யார் முன்னாடியும் தலை குனிய வேண்டாம். ரெண்டு பேருமே நடந்ததை விட்டுடலாம், பிளாக்கையும் எடுத்துடுறேன்.

ஆனா அப்படி ஆடினா, கல் மறையுறதுதான் சரின்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி. புக்ல அதுதான் வரும்.

எந்த விதின்னு நீயே சொல்லு. இருபதாம் தேதிக்குள்ள வரணும்.

அக்கா

*

ஏப்ரல் 10

அக்கா,

முதல்ல ஒரு கடிதம் எழுதினேன். "சரி, மூணு முறைன்னே வச்சுக்கலாம்"னு. அழகான கையெழுத்துல. உறையில போட்டு ஒட்டிட்டேன். கடைக்குப் போற வழியில தபால் பெட்டி வரைக்கும் போயி, கையை உள்ள விட்டு, வெளிய எடுத்துட்டேன். பின்னாடி நின்னவர், "போடுறீங்களா, இல்ல பெட்டியை அளவெடுக்குறீங்களா?"ன்னாரு.

எனக்கு உன்னோட பேசணும் அக்கா. அந்த ஒட்டின கடிதத்தைப் போட்டிருந்தா நாலே நாள்ல பேசியிருக்கலாம். அதான் ரொம்ப நேரம் கையை உள்ளயே வச்சிருந்தேன்.

ஆனா முடியல. வீட்டுக்கு வந்து உக்காந்தேன். கல்லைக் கையில எடுத்தேன். பதினொண்ணுல இருந்து பன்னெண்டு. காலி. ஃப்ரிட்ஜ் அடியில விட்டுக் கையைத் துழாவி எடுத்தேன். (ரெண்டு பழைய மூடி கிடைச்சுது. ஒண்ணு நீ பத்து வருஷமா தேடின பச்சை.) எழுந்து நடந்து கதவுகிட்ட வந்தேன். அம்மா வழிவிட்டு நின்னாங்க. "வேணாம்னா விட்டுடேன்டி"ன்னாங்க. கதவுல இருந்து ஒண்ணாங் கட்டம். வச்சேன்.

என் நகர்வு: கல் என் தாய்க்கப்பலை அடிச்சுது. உடைஞ்சுது. நான் தோத்துட்டேன்.

கல்லுக்கு ஓனர் கிடையாது. அந்த வரி எனக்காகன்னு நினைச்சுத்தான் ஒன்பது வயசுல சந்தோஷப்பட்டேன். எனக்கும் சேர்த்துன்னு இப்பத்தான் தெரியுது. என்னை அடிக்க வர்றப்ப மட்டும் மறையுற கல்லு எனக்கு வேண்டாம். என் தலைக்கு நேரா வந்துச்சுன்னு நான் விதியை மாத்தினா, அப்புறம் அது விதியா? அடம்.

குரூப்ல எழுதிட்டேன். உனக்குத் தெரியாதுல்ல, பிளாக்ல இருக்கேனே. அதனால இங்க அப்படியே எழுதுறேன்:

"எங்கக்கா என்னை நம்பி எனக்கு மட்டும் அனுப்பின பக்கத்தை நான் இங்க போட்டேன். அதனால அவளுக்கு வேலையே போக இருந்துச்சு. தப்பு என்னோடது. பழைய போஸ்ட்டை எடுத்துட்டேன். யாராவது சேவ் பண்ணி வச்சிருந்தா அழிச்சிடுங்க. அந்த விதி தப்புன்னு இன்னிக்கும் சொல்லுவேன். அதைச் சொல்ல வேண்டிய இடம் இது இல்ல."

"ஆனா" வரல பாரு. மீமும் இல்ல. முந்நூறு பேர் சிரிச்சாங்க. அட்மின், "உருளைராணி உருண்டுட்டா"ன்னு போட்டான். போடட்டும். நான் பதில் சொல்லல. போனைத் தூக்கி அரிசி டப்பாவுல போட்டு மூடிட்டேன்.

இன்னும் ஒண்ணே ஒண்ணு. எறிஞ்சவ தலையிலயே விழுந்தா ரெண்டாவது தடவை ஆட மாட்டாங்கன்னு உன் மேனேஜர் சொன்னாருல்ல? விழுந்துச்சு. நல்லா விழுந்துச்சு. அம்மா அரை மணி நேரம் சிரிச்சாங்க. நான் தரையைத் துடைச்சுட்டு, மூடியை எல்லாம் எடுத்து மறுபடி அடுக்கிட்டேன். முதல் நகர்வு உன்னோடது.

விதியை நீ வெட்டிக்க. பந்தயம் பந்தயம்தான். ஆனா எங்க வீட்டுக் கிச்சன்ல கல் நிக்காது.

உன் தங்கச்சி

*

ஏப்ரல் 21

என் செல்லக் குட்டிக்கு,

பதில் எழுதாம உன் கடிதத்தைப் பைக்குள்ள வச்சுக்கிட்டே ரெண்டு நாள் திரிஞ்சேன். மூணாவது நாள் மேனேஜர் ரூமுக்குப் போயி அவர் மேஜையில வச்சேன். "ஒரே ஒருத்தரைக் காட்டுங்கன்னு கேட்டீங்கல்ல?"ன்னேன்.

கடைசிப் பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சாரு. "தோத்துட்டு மறுபடி அடுக்கியிருக்காங்க."

"ஆமா சார்."

"மறையுற விதியை நீங்க குடுத்தும் வேண்டாம்னுட்டாங்க."

"ஆமா சார்."

"இவங்க... அந்த உருளைராணியா?"

"ஆமா சார். என் தங்கச்சி."

இந்தத் தடவை அதைச் சொல்றப்ப நான் நாற்காலியில நிமிர்ந்து உக்காந்திருந்தேன்.

அவர் சுலபமா விடல. மூணு மணி நேரம் சண்டை. பல் டாக்டரை மறந்துட்டீங்களான்னாரு. அவருக்கு யாரும் முன்கூட்டியே சொல்லல சார், அதான் கோபம், முதல் வரியிலயே சொல்லிடுவோம்னேன். அப்புறம் உன் ஆயிரம் ஆட்டத்தையும் எடுத்து வச்சேன். கடைசியில, "எழுதுங்க, ஆனா பெரிய எழுத்துல போடுங்க"ன்னாரு. நேத்து அச்சுக்குப் போயிடுச்சு. இன்னிக்குக் கம்பெனியே அறிவிச்சுடுச்சு, எல்லாருக்கும் தெரியும், அதனால உனக்கு எழுதலாம். தாராளமா குரூப்லயும் போட்டுக்க:

"விதி 14. கவண். எறிந்த கல் நிற்காது. கல்லுக்கு உரிமையாளர் இல்லை. குறுக்கே வருபவர் யாராயினும் அடிக்கும், எறிந்தவரையும் சேர்த்து."

கடைசி ரெண்டு வார்த்தை நோட்டுல இல்ல. அது நீ ஏப்ரல் பத்தாம் தேதி எழுதினது. விதி எழுதியவர்கள் பட்டியல்ல ரெண்டு பேர். உன்னோடது உருளைராணின்னே வந்திருக்கு, நிஜப் பேரைக் கேட்க நேரம் இல்லைன்னு சொல்லிட்டேன். அனுபவி.

பிளாக் எடுத்தாச்சு. அந்தப் பழைய அக்கவுண்ட்லயும்.

ஒரு விஷயத்தைச் சொல்லிடணும். அச்சாகிற வரைபடத்துக்கு நாலு பக்கமும் ஓரம் உண்டு. ஓரம் தாண்டின கல் போனது போனதுதான். ஃப்ரிட்ஜ் விதியை என் முதல் வாரத்துலயே வெட்டிட்டாங்க. "குழந்தைத்தனமா இருக்கு"ன்னாங்க. நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. நீ இந்த ரெண்டு மாசமா ஒரு வரிக்காக நின்ன நிலையைப் பாக்குறப்ப, என் விதிக்காக நான் அரை நிமிஷம் கூட நிக்கலையேன்னு இருக்கு. பரவாயில்ல. உன்னோடது வந்துடுச்சு, அது போதும்.

மே மாசம் பத்து நாள் லீவு கேட்டிருக்கேன். அம்மாகிட்ட சொல்லு, முதல் பஸ்லயே வர்றேன்னு. டிக்கெட் எடுத்துடுறேன்.

என் முதல் நகர்வு: சிவப்பு மூடி ஒரு கட்டம் முன்னாடி.

அக்கா

பி.கு. அந்தப் பச்சை மூடியைத் தூக்கிப் போட்டுடாத.

*

ஏப்ரல் 26

விதிப் பிரிவு மேனேஜர் அவர்கள் கவனத்துக்கு,
நகல்: எங்கக்கா

ஐயா,

ஓரம் தாண்டின கல் போனது போனதுதான்னு உங்க வரைபடத்துல இருக்குறதாக் கேள்விப்பட்டேன். எங்க போச்சு? யாரு பாத்தா?

ஃப்ரிட்ஜ் விதி எங்கக்கா எழுதினது. அது இல்லாம விதி பதினாலு பாதிதான். ஓரத்துல காணாமப் போற கல்லும் நின்னுபோன கல்லுதான். அதோட ஆயிரம் ஆட்டக் கணக்கை இணைச்சிருக்கேன். இதை நான் எந்தக் குரூப்லயும் போடல, போடவும் மாட்டேன். உங்களுக்கு மட்டும்தான், தபால்ல. ரெண்டாம் பதிப்பு வர்ற வரைக்கும் வாரம் ஒண்ணு வரும்.

அக்கா, உனக்கு: குழந்தைத்தனம்னு சொன்னவங்க யாருன்னு பேர் மட்டும் குடு. நீ சண்டை போட வேண்டாம். நீ வீட்டுக்கு வா, அது போதும். பச்சை மூடி உன் இடத்துல, பன்னெண்டாங் கட்டத்துல உக்காந்திருக்கு.

என் நகர்வு: கவண் கல்லைக் கவ்வியாச்சு.

உருளைராணி